பொறுமைக்கும் ஓர் எல்லை

ஏழாம் மாதம் முடியும்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு தொடங்கியது. தடிப்பு கிடையாது, இரவில் தூங்கவே முடியாது. "தாயாகப்போறவ பொறுத்துக்கணும்மா, அதுவும் ஒரு தவம்தான்" என்றார் அத்தை, அன்போடுதான்.

வலியைத் தாங்குவது புண்ணியமா? திருக்கருகாவூர்த் தலபுராணத்தை வைத்தே இதை யோசிக்கிறேன். கர்ப்பிணியான வேதிகை களைத்துக் கிடக்கிறாள். பிச்சை கேட்டு வந்த ஊர்த்துவபாத முனிவர், அவள் எழுந்து வரவில்லையென்று சபிக்கிறார். கரு கலைகிறது. அவ்வூர் அம்மனான கர்ப்பரட்சாம்பிகையோ அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கருவைக் குடத்தில் ஏந்திக் காப்பாற்றுகிறாள். களைத்த உடம்பிடம் இன்னும் பொறுமை கேட்டவர் முனிவர். அம்மன் கேட்கவில்லை. எனக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

என் அரிப்புக்குக் காரணம் கல்லீரல். கர்ப்பகால ஹார்மோன்களால் பித்தநீர் சரியாக வடியாமல், பித்த அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. பிரசவத்துக்குப் பின் தாய்க்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் பிரசவத்தை முன்கூட்டியே வைக்கிறார்கள். அதாவது, தாய் பேசாமல் தாங்கும் அரிப்பு குழந்தையின் அபாய அறிவிப்பாகவும் இருக்கலாம். அதை மறைக்கும் தவத்தை எந்தத் தெய்வம் ஏற்கும்?

அத்தை கொண்டுவந்த பிரசாத விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிக்கொண்டேன். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக்கும் போனேன். இரண்டையும் அந்த அம்மனின் காவலாகவே கும்பிடுகிறேன்.