நாணயத்தில் கடவுளின் பெயர்

காசிலே கடவுளின் பெயரைப் பொறிப்பது அவருக்கு மகிமையா, அவமரியாதையா? 1907ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரும் வாதப் பிரதிவாதத்தைக் கிளப்பிய கேள்வி இது.

உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல் போதகர் ஒருவர் திறைசேரிச் செயலாளர் சேஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, நாட்டின் நாணயங்கள் கடவுளை ஏற்று அறிக்கையிட வேண்டும் என வேண்டினார். 1864இல் வெளிவந்த இரண்டு சத நாணயத்தில், 'கடவுளில் நாம் நம்பிக்கை வைக்கிறோம்' என்னும் பொருளுடைய வாசகம் முதன்முதலாக இடம்பெற்றது.

பிற்காலத்தில், தம் நாட்டு நாணயங்கள் அழகற்றவை என்று மனங்குறைப்பட்ட ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், புதிய பொற்காசுகளை வடிவமைக்கும் பணியைச் சிற்பி செயின்ட் கோடன்சிடம் ஒப்படைத்தார். அழகு மிக்க அந்தப் பத்து டொலர், இருபது டொலர் காசுகள் 1907இல் வெளிவந்தபோது அவற்றில் அவ்வாசகம் இல்லை. கண்டனக் குரல்கள் எழுந்தன. ஆனால் ரூஸ்வெல்ட் நாத்திகர் அல்லர். புனிதமான சொற்களைக் காசில் பொறித்தால் அவை கேலிக்கும் பகிடிக்கும் ஆளாகும். அது தெய்வ நிந்தனைக்கு மிக அண்மையில் நிற்பது என்பதே அவருடைய வாதம். காங்கிரஸ் சபை இணங்கவில்லை. 1908இல் சட்டமியற்றி வாசகத்தை மீண்டும் பொறிக்கச் செய்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனை எல்லா நாணயங்களுக்கும் தாள்களுக்கும் விரிவாக்கியது.

யார் பக்கம் நியாயம்? வாசகத்தைக் காண்பவர் ஒருகணம் இறைவனை நினைக்கக்கூடும்; அது நல்லதே. ஆயினும் அந்தக் காசுதான் கூலியாளின் ஊதியமாகவும் கைமாறுகிறது, இலஞ்சமாகவும் கைமாறுகிறது. பொறித்த எழுத்து எந்தக் கையையும் தடுப்பதில்லை. காசு லாச்சிக்கு மேலே திருப்படத்தை மாட்டிவிட்டு, கீழே நிறையைக் குறைப்பவர்களும் உண்டல்லவா? அதற்காகப் படத்தைக் கழற்றிவிட்டால் தராசு நேராகிவிடாது. வாசகத்தை அகற்றியதால் பணம் தூய்மை பெறாததும் அப்படியே.

நாணயம் சேகரிப்போர், கைபடாத காசுக்கே கூடிய விலை கொடுப்பர். 1933இல் வார்க்கப்பட்டு, புழக்கத்துக்கு விடப்படாமல் பெரும்பாலும் உருக்கப்பட்ட இருபது டொலர் பொற்காசுகளில் எஞ்சிய ஒன்று, 2021இல் ஒரு கோடியே 80 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. விசுவாசத்தின் கணக்கு வேறு. சந்தையிலும் வேலைத்தலத்திலும் அன்றாடம் புழங்கித் தேய்ந்தாலும் அழியாத விசுவாசத்துக்கே மதிப்பு.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல்தான். முதலாவதில் கடவுளின் பெயரைப் பொறிக்க அரசாங்கம் சட்டம் இயற்றலாம். இரண்டாவதில் பொறிக்க வேண்டியவர்கள் நாமே.