எக்கோ பேசினாளா?

நெஞ்சு படபடப்பு என்று போனால் டாக்டர் சர்வசாதாரணமாகச் சொல்வார்: "எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துட்டு வந்துடுங்க." ஸ்கேன் சென்டர் போர்டில் ஈசிஜி, எக்கோ, டிஎம்டி என்று வரிசையாக எழுதியிருக்கும். நடுவில் இருப்பது ஒரு பெண்ணின் பெயர். கிரேக்கத்து மலைக்காடுகளில் திரிந்த ஒரு நிம்ஃப். வனதேவதை என்று தமிழில் எழுதலாம்தான், ஆனால் தேவதைக்குரிய அதிகாரம் எதுவும் நிம்ஃப்களுக்குக் கிடையாது. பெரிய கடவுள்கள் துரத்தும்போது ஓடுவார்கள், ஓடி முடியாவிட்டால் மரமாகவோ நாணலாகவோ மாறிப்போவார்கள்.

எக்கோ கதையை நமக்குத் தெரிந்த வடிவில் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஓவிட், ‘மெட்டமார்ஃபசிஸ்’ மூன்றாம் புத்தகத்தில். அவள் நன்றாகக் கதை பேசுவாள். ஜூபிடர் மலையில் நிம்ஃப்களோடு இருக்கும்போதெல்லாம் கையும் களவுமாகப் பிடிக்க மனைவி ஜூனோ வருவாள். எக்கோ அவளை வழியிலேயே நிறுத்தி, ஏதேதோ கதை பேசி இழுத்தடிப்பாள். அதற்குள் தோழிகள் தப்பி ஓடிவிடுவார்கள். விஷயம் தெரிந்ததும் ஜூனோ அவள் நாக்கைத் தண்டிக்கிறாள். இனி அவளாகப் பேச்சைத் தொடங்க முடியாது, பேசாமலும் இருக்க முடியாது. யாராவது பேசினால் கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்லலாம். (ஜூபிடருக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள். அந்தக் கதைகளில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.)

இந்தப் பெயரை மனிதர்கள் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடினால் பட்டியல் நீள்கிறது. 1860-இல் வாஷிங்டனில் ஜேம்ஸ் ஃபெர்குசன் கண்டுபிடித்த அறுபதாவது சிறுகோள் எக்கோ. அதற்கு முதலில் வைத்த பெயர் டைட்டானியா. அது யுரேனஸின் நிலவு ஒன்றுக்கு ஏற்கெனவே இருந்ததால் மாற்றிவிட்டார்கள். 1953-இல் ஸ்வீடனின் லண்ட் நகரில் இங்கே எட்லர், ஹெல்முத் ஹெர்ட்ஸ் இருவரும் உலோகத்தில் விரிசல் தேடும் கருவி ஒன்றை இதயத்தின் பக்கம் திருப்பினார்கள். நம் ஸ்கேன் சென்டர் எக்கோவின் தொடக்கம் அது. வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிப்பதற்கு 1944-இல் டொனால்ட் கிரிஃபின் எக்கோலொகேஷன் என்று பெயர் வைத்தார். எக்கோவைரஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர். கடைசி எழுத்து ‘அனாதை’ என்ற சொல்லுக்கானது, ஏனென்றால் அது எந்த நோயை உண்டாக்குகிறது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. ரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும் பெயர் எப்படிப் பொருந்துது பாருங்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு பலூன். 1960 ஆகஸ்ட் 12 அன்று நாசா அனுப்பிய எக்கோ 1. ஏறக்குறைய 30 மீட்டர் விட்டம், அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் உறை. செய்தியை வாங்கிப் பெருக்கி அனுப்பும் கருவி அதில் கிடையாது. மேலே பட்ட ரேடியோ அலையைத் திருப்பும், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவிலிருந்து அதிபர் ஐசனோவரின் பதிவுசெய்த குரலை அதன் மேல் எறிந்தார்கள், நியூஜெர்சியின் ஹோம்டெலில் கேட்டார்கள். ஓவிட் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்: உடம்பெல்லாம் மெலிந்துபோய், இன்னொருவர் குரலைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு சுற்றும் ஒருத்தி.

‘எக்கோவின் பெயரை வைத்தார்கள்’ என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு முதலில் எதிரொலி என்றுதான் பொருள். ஒலியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சாதாரணப் பெயர்ச்சொல். மலையில் கத்தினால் பதில் வருகிறது, பதில் வந்தால் அங்கே யாரோ இருக்க வேண்டும், அந்த யாரோ ஒரு பெண். சொல் முதலில், பெண் பிறகு. ஆக நிம்ஃபுக்குத்தான் பொருளின் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இல்லாத ஒருத்திக்காக எதற்கு நியாயம் பேசணும்?

இல்லாதவளுக்கு அநியாயம் செய்ய முடியாது, சரி. ஆனால் ஒரு கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்பது நம்மைப் பற்றிய தகவல். எக்கோவிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன, கதை சொல்லும் திறமையும் தண்டனையும். அவள் பெயர் தாங்கிய பொருள்களில் அநேகமாக எல்லாமே தண்டனையைத்தான் எடுத்துக்கொண்டன. 2014-இல் அமேசான் விற்க ஆரம்பித்த எக்கோ ஸ்பீக்கர் இதில் உச்சம். கூப்பிட்டால்தான் பேசும், தானாகப் பேச்சைத் தொடங்கினால் நமக்குத் தூக்கிவாரிப்போடும். வாங்கி வைத்தபடியே விட்டால் குரல் பெண் குரல். ஜூனோ சாபமாகக் கொடுத்தது இங்கே தயாரிப்பின் சிறப்பம்சம். இந்த மாதிரி உதவிக் குரல்கள் எல்லாம் ஏன் பெண் குரலாகவே இருக்கின்றன என்று யுனெஸ்கோவே 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டுக் கேட்டது.

ஓவிட் இந்தத் தண்டனையை அவ்வளவு சுலபமாக ஜெயிக்க விடுவதில்லை என்பதுதான் நாம் கவனிக்கத் தவறுவது. நார்சிஸஸ் காட்டில் நண்பர்களைத் தொலைத்துவிட்டு இங்கே யாராவது உண்டா என்று கூப்பிடுகிறான். உண்டு என்று அவள் சொல்கிறாள், அவனுடைய சொல்லை எடுத்தே. நாம் சந்திப்போம் என்கிறான். அதை அவள் திருப்பிச் சொல்லும்போது அது ஆசையாகிவிடுகிறது. அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டதும் உதறித்தள்ளுகிறான், உன்னிடம் என்னை ஒப்படைப்பதற்குச் சாவதே மேல் என்கிறான். அந்த வாக்கியத்தின் வாலை மட்டும் அவள் சொல்கிறாள், அவன் மறுத்தது அவள் வாயில் ஒப்படைப்பாகிறது. ஒரு சொல்லைக்கூட அவள் சொந்தமாக உருவாக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன எதுவும் அவன் சொன்னதும் இல்லை. எங்கே வெட்டுகிறோம், எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதிலேயே ஓர் ஆள் முழுதாக இருக்க முடியும். பேசியிருக்கிறாள். கேட்கத்தான் ஆள் இல்லை. அவமானத்தில் குகைகளில் ஒதுங்கி, உருகி, எலும்பு கல்லாகி, கடைசியில் குரல் மட்டும் மிஞ்சுகிறது.

அதனால்தான் ‘எக்கோ சேம்பர்’ என்ற பிரயோகம் எனக்கு உறுத்துகிறது. ஒரே கருத்துள்ளவர்கள் கூடி ஒருவருக்கொருவர் தலையாட்டும் இடத்தை அப்படிச் சொல்கிறோம். தன் பிம்பத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாதவன் அந்தக் கதையில் இருக்கிறான், அவன் பெயர் எக்கோ இல்லை. பழியை ஏன் இவள் மேல போடணும்? காயத்ரி ஸ்பிவாக் 1993-இல் ‘எக்கோ’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் நார்சிஸஸையே பேசிக்கொண்டிருக்கிறார்களே என்பது அவருடைய தொடக்கக் கவலைகளில் ஒன்று.

இரவல் சொற்களில் பேசுவது பேச்சுதானா? உண்மையான மனிதர்கள் மேல் இந்தக் கேள்வி விழுந்த இடம் ஒன்று இருக்கிறது, அங்கும் அவள் பெயர்தான்: எக்கோலாலியா. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் இப்படிப் பேசுகிறார்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா?" என்பார்கள். நீண்ட காலம் இதைப் பொருளற்ற கிளிப்பேச்சு என்றே எண்ணினார்கள். நிறுத்தப் பயிற்சி கொடுத்தார்கள். 1981-இல் பேரி பிரைஸன்ட், ஜூடித் டுகன் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தை எப்போது, யாரைப் பார்த்து, என்ன செய்தபடி சொல்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். கேட்பது, ஒப்புக்கொள்வது, தன் முறைக்குப் பேசுவது, செய்யப்போவதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது என்று ஏழு வகைப் பயன்கள் கிடைத்தன. "தண்ணி வேணுமா?" என்று திருப்பிச் சொன்ன குழந்தைக்கு உண்மையிலேயே தண்ணீர் வேண்டியிருந்திருக்கலாம். சொல் மாறவில்லை, கேட்ட விதம் மாறியது.

ஹோம்டெல் ஞாபகம் வருகிறது. எக்கோ பலூனிலிருந்து திரும்பும் மங்கலான ஒலியைப் பிடிப்பதற்காகக் கட்டிய கொம்பு வடிவ ஆன்டெனாவை, பிறகு பென்ஸியாஸ், வில்சன் இருவரும் வானத்தை ஆராயப் பயன்படுத்தினார்கள். 1964-இல் ஓர் இரைச்சல், எந்தப் பக்கம் திருப்பினாலும் போகவில்லை. உள்ளே குடியிருந்த புறாக்களை விரட்டினார்கள், எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. அது பிரபஞ்சம் தோன்றிய காலத்தின் மிச்ச வெப்பம். 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோளாறு என்று ஒதுக்கிவிட அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதிய லியோ கானரின் 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதினொரு குழந்தைகள் வருகிறார்கள். அவர்களில் ஒரு சிறுவனுக்கு ‘ஆம்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்க அப்பா ஒரு வழி செய்தார். ‘ஆம்’ சொன்னால் தோளில் தூக்கிவைப்பேன் என்றார். பையன் கற்றுக்கொண்டான். அதன்பிறகு வெகுநாள் அந்தச் சொல்லுக்கு அவனிடம் ஒரே பொருள்தான்: என்னைத் தோளில் தூக்கு. யாரோ எதற்கோ சம்மதமா என்று கேட்டிருப்பார்கள், அவன் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருப்பான் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். தப்பான பதில் என்று குறித்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்த அப்பாவுக்கு மட்டும் அவன் என்ன கேட்கிறான் என்று தெரிந்திருக்கும்.