மறுப்பும் மெய்ம்மையும்

புதுக்கருத்தொன்றை அறிஞர் உலகம் மறுக்கும்போது, அதற்குப் பரிந்து பேசுவோர் கலிலியோவின் பெயரைக் கையிலெடுப்பது வழக்கம். மறுக்கப்பட்டுப் பின் மெய்யென நிலைத்தவற்றையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது; மறுக்கப்பட்டு மறைந்த பிழைகளோ எண்ணிறந்தவை. எனவே, மறுப்பு எதற்கும் சான்றாகாது.

ஆதரவும் அத்தகையதே. 1903இல் பிரான்சின் நான்சி நகரிற் பௌதிகவியற் பேராசிரியராயிருந்த புளொன்ட்லோ, ‘என்-கதிர்’ எனப் புதுக்கதிரொன்றைக் கண்டதாக அறிவித்தார். பிரான்சிய அறிஞர் பலர் தாமும் கண்டதாக எழுதினர். 1904இல் அவரது ஆய்வுகூடத்துக்குச் சென்ற அமெரிக்கரான றொபேட் வூட், கதிரைப் பிரிப்பதற்கென வைத்திருந்த அரியத்தை இருளில் ஓசையின்றி அகற்றிவிட்டார். அளவீடுகளோ மாறாது தொடர்ந்தன! கதிர் காண்போரின் விருப்பத்திலேயே இருந்தது.

1912இல் கண்டங்கள் நகர்கின்றன எனக் கூறிய அல்பிரட் வெகனருக்கு அத்தகைய ஆதரவு வாய்க்கவில்லை. அவர் ஜேர்மனிய வானிலை அறிஞர், புவிச்சரிதவியலாளர் அல்லர். தென்னமெரிக்க, ஆபிரிக்கக் கரைகள் பொருந்துவதையும், மெசோசோரசு என்னும் ஊர்வன இனத்தின் உயிர்ச்சுவடுகள் அவ்விரு நிலங்களிலும் கிடைப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆயின், கண்டங்களைத் தள்ளும் விசை யாது? புவிச்சுழற்சியாலும் சந்திர சூரியரின் ஈர்ப்பாலும் எழும் விசைகளை அவர் சுட்டினார். அவை அப்பணிக்குச் சிறிதும் போதா எனப் பிரித்தானியரான ஹரோல்ட் ஜெவ்ரிஸ் கணித்துக் காட்டினார். அக்கணிப்பிற் தவறில்லை. கிறீன்லாந்து நகரும் வேகமென வெகனர் கொண்ட அளவும் பன்மடங்கு மிகையானது. ஆகவே, விசையைக் கேட்டு மறுத்தோரைக் குறைகூறுதல் நீதியன்று. துறைக்குப் புறத்தார் என எள்ளியோரின் நிலை வேறு. அவர்கள் கருத்தை விடுத்து ஆளையே எடைபோட்டனர்.

எனினும், வெகனரின் சான்றுகள் அவருடைய கண்ணை நம்பி இருக்கவில்லை. உயிர்ச்சுவட்டை எதிரியும் கையிலெடுத்துப் பார்க்கலாம். சமுத்திரத்தரையின் காந்தப்பட்டைகளை அளந்தோர் அவரை மெய்ப்பிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். 1963இல் வைன், மத்தியூஸ் இருவரும் அப்பட்டைகளுக்குத் தரை விரிவடைதலே காரணமென விளக்கினர். வெகனர் சுட்டிய விசைகள் கைவிடப்பட்டன. கண்டங்கள் நகர்கின்றன என்பது நிலைத்தது. ஒரே நூலிற் பிழையும் மெய்யும் அருகருகே இருந்தமை அப்போதுதான் தெளிவாயிற்று.

அதனைக் காண வெகனர் இருக்கவில்லை. 1930 நவம்பரில், தம் ஐம்பதாவது பிறந்தநாளன்று, கிறீன்லாந்தின் நடுப்பனியிலிருந்த ஆய்வுநிலையத்தை விட்டுக் கரைநோக்கிப் புறப்பட்டவர் வழியிலேயே இறந்தார். ஜெவ்ரிஸ் 1989 வரை வாழ்ந்தார். புவியின் உட்பாறை அத்தகைய அசைவுக்கு இடந்தராது என்ற தம் நிலையை அவர் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை.