எது வளையலாம்?

பழைய மோட்டார் காரைக் கண்டால் அதன் கதவைத் தட்டிப் பார்க்காதவர் குறைவு. 'அந்தக் காலத்து இரும்பு, ஐயா!' என்று பெருமூச்சு வேறு. இக்காலத்துக் காரின் தகடோ கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்குகிறது. பழையது உறுதி, புதியது பகட்டு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்தத் தீர்ப்பைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சாலை விபத்துகளை ஆராய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் நிலையம் ஒன்று அங்கே உண்டு. தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2009இல் அது இரண்டு செவர்லே கார்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதச் செய்தது. ஒன்று 1959ஆம் ஆண்டின் பெல் ஏர். மற்றது 2009ஆம் ஆண்டின் மாலிபு. இரண்டுக்கும் வேகம் மணிக்கு 40 மைல். ஓட்டுநர் இடத்தில் மனித உருவப் பொம்மைகள்.

பெல் ஏர் அழகான வண்டி. பறவை சிறகு விரித்தாற்போல் அதன் பின்புறம் இருக்கும். மோதிய கணத்தில் அதன் உள்ளறை மடங்கிற்று; ஸ்டியரிங்கும் முன்பலகையும் பொம்மையின் மேல் பாய்ந்தன. மனிதனாயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுவின் மூக்கு அப்பளமாய் நொறுங்கிற்று. ஆனால் உள்ளறை குலையாமல் நின்றது. அதிலிருந்த பொம்மைக்குக் காலில்தான் சிறிது அடி.

மோதலின் வேகம் எங்காவது செலவாகியே தீரவேண்டும். புதிய வண்டியின் முன்பகுதி தான் நசுங்கி அதை வாங்கிக்கொள்கிறது. பழைய வண்டியிலும் ஒன்று நசுங்கத்தான் செய்தது. மனிதன் உட்காரும் இடம் நசுங்கிற்று. எது வளையலாம், எது வளையக்கூடாது என்று அதைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வளைந்து கொடுக்காதவர் என்று சில மனிதர்களைப் புகழ்கிறோமே, அவர்கள் வீட்டில் அதிர்ச்சியைத் தாங்குகிறவர் யார்? பெரும்பாலும் மனைவி, பிறகு மக்கள். இதைச் சொன்னால், எதற்கும் வளைகிற சாமர்த்தியசாலிகள் தமக்குச் சாட்சி கிடைத்ததென்று மகிழ்வார்கள். மாலிபு அவர்கள் கட்சியும் அன்று. காக்க வேண்டிய இடத்தில் அது கொஞ்சமும் இளகவில்லை.

இது புதுயுகத்தின் ஞானம் என்றும் சொல்வதற்கில்லை. பேலா பாரேன்யி என்ற பொறியாளர் 1951இலேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். அவர் கருத்துப்படி நசுங்கும் முன்பகுதியோடு மெர்சிடிஸ் கார் ஒன்று 1959இல் வெளிவந்தது. பெல் ஏர் விற்பனைக்கு நின்ற அதே காலம்!

ஓர் அழகிய பழைய வண்டியை வீணாக நொறுக்கிவிட்டார்களே என்று பலர் அங்கலாய்த்தார்கள். அந்த வருத்தத்தை நான் எள்ளமாட்டேன். ஐம்பது ஆண்டு தப்பிப் பிழைத்த பொருள் அது. ஆயினும் எனக்கு அந்தப் பொம்மை இருந்த இடந்தான் கண்ணில் நிற்கிறது. 1959இல் அங்கே ஒரு தந்தை உட்கார்ந்திருப்பார். பின்னால் குழந்தைகள். நல்ல கனமான வண்டியாகப் பார்த்து வாங்கியிருப்பார்.