திறவுகோல் யாரிடம்?



ஜினேந்திர பகவானின் திருவடிகளை வணங்கி, நாள்தோறும் நம் கையில் புழங்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி இம்முறை சிந்திக்க விழைகின்றோம். அது சாவி. நெடுங்காலம் தமிழ் கற்பித்த பழக்கத்தால், பொருளுக்கு முன் சொல்லைத் தொட்டுச் செல்கின்றோம், பொறுத்தருள்க.

சாவி என்பது போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்திறங்கிய சொல். அலமாரியும் சன்னலும் மேசையும் அவ்வாறு வந்தவையே. நம் முன்னோர் திறவுகோல் என்றனர், தாழ்க்கோல் என்றனர். பூட்டு என்பதோ நம் சொல். ஏரில் மாட்டைப் பிணைப்பதும் பூட்டுதல்; கதவைப் பிணைப்பதும் பூட்டுதல். மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் இயக்கத்தை நம் ஆகமங்கள் யோகம் என்கின்றன. அவ்வியக்கத்தின் வழியே வினைகள் உயிரை நோக்கி ஊறி வருகின்றன. யோகம் என்னும் வடசொல்லின் வேரும் நுகத்தில் பிணைப்பதையே குறிப்பது எண்ணத்தக்கது. நாம் பூட்டிவிட்டுச் செல்லும் வீடும், பூட்டெல்லாம் கழன்றபின் உயிர் எய்தும் வீடும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்திருப்பதை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போதெல்லாம், எவ்வளவு குறும்பான வகுப்பும் ஒரு நொடி அமைதியாகி விடும்.

பூட்டும் திறவுகோலும் மிகத் தொன்மையானவை. பண்டை எகிப்திலும் அசீரியாவிலும் மரத்தால் பூட்டுகள் செய்தனர். தாழ்க்கட்டையின் துளைகளில் மேலிருந்து சிறு முளைகள் விழுந்து அதனை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்ளும். நீண்ட மரக்கோலின் நுனியில் பற்கள் போல் நிறுத்திய குச்சிகளால் அம்முளைகளைத் தூக்கினால் தாழ் நகரும். திறவு‘கோல்’ என்னும் பெயர் அதற்கு அப்படியே பொருந்தும். தோளில் சுமக்குமளவு பெரிய கோல்களும் இருந்தன. உரோமர் உலோகத்தால் சிறு சாவிகள் செய்து மோதிரமாகவே விரலில் அணிந்தனர். கத்தோலிக்கத் திருத்தந்தையின் இலச்சினையில் பொன்னும் வெள்ளியுமாக இரு சாவிகள் உள்ளன. எருசலேமில் ஏசுநாதரின் கல்லறைத் தேவாலயத்துச் சாவியோ பல நூற்றாண்டுகளாக ஓர் இசுலாமியக் குடும்பத்தாரிடம் இருந்து வருகிறது.

இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1784-ஆம் ஆண்டு உரிமம் பெற்ற ஒரு பூட்டைச் செய்தார். அவ்வகைப் பூட்டொன்றைக் கடையின் முகப்பில் வைத்து, சாவியின்றித் திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்று அறிவித்தனர். அறுபது ஆண்டுகள் ஒருவராலும் இயலவில்லை. 1851-இல் ஆப்சு என்னும் அமெரிக்கர், பல நாட்களில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் முயன்று அதனைத் திறந்துவிட்டார். பின்னர் 1861-இல் லைனஸ் யேல் உரிமம் பெற்ற தட்டைச் சாவிப் பூட்டே இன்று உலகெங்கும் கதவுகளில் உள்ளது. அதன் உள்ளே இருப்பவை பழைய எகிப்தியரின் விழும் முளைகள்தாம். நம் திண்டுக்கல் பூட்டும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வளவும் மனிதர் களவுக்கு அஞ்சியதன் வரலாறு.

சாவியைப் பற்றி நம் சமயம் கூறுவது என்ன? எண்வினைகளை விளக்க ஆசாரியர்கள் எட்டு உவமைகள் கூறியுள்ளனர். ஞானாவரணீயம் திருவுருவத்தை மறைக்கும் திரை. தரிசனாவரணீயம் அரசனைக் காணவொட்டாமல் தடுக்கும் வாயிற்காவலன். ஆயுள்வினை காலில் பூட்டிய தளை. எட்டாவதாகிய அந்தராயத்துக்குக் கூறிய உவமையே இங்கு நமக்கு வேண்டுவது. அது பண்டாரக் காப்பாளன். ‘இவர்க்குக் கொடு’ என்று அரசன் ஆணையிடுகிறான். கருவூலத்தில் பொருள் நிறைந்திருக்கிறது. பெற வேண்டியவரும் வந்து நிற்கிறார். சாவியை இடுப்பில் செருகியவன் அசைய மறுக்கிறான். பொருள் அவனுடையது அன்று; காவல் மட்டுமே அவனுடையது. அப்படியிருந்தும் மூவருக்கும் நடுவே அவன் நிற்கிறான். கொடை, பேறு, நுகர்வு எல்லாம் தடைப்படுவது இவ்வினையால்தான்.

இவ்வுவமையை நினைக்குந்தோறும் எமது நெஞ்சு மூடபித்ரிக்குச் சென்றுவிடும்.

கிர்நார் மலைச் சந்திரகுகையில் தவமிருந்த தரசேனாசாரியர், சுருத ஞானம் தம்மோடு அழிந்துவிடுமோ என்று அஞ்சி, புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களை வரவழைத்துக் கற்பித்தார். அவர்கள் நூலாக்கியதே ஷட்கண்டாகமம். அவருள் பூதபலி முனிவர் நம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தார் என்று தவள உரை கூறுகிறது. அந்நூலுக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனாசாரியர் எழுதிய பேருரையே தவளம். காலப்போக்கில் நாடெங்கும் அதன் படிகள் மறைந்து, மூடபித்ரியின் சித்தாந்த பசதியில் இருந்த ஓலைகள் மட்டுமே எஞ்சின. அங்கே அவை பூட்டப்பட்டுப் பல நூற்றாண்டுகள் இருந்தன. யாத்திரிகர்க்குத் தரிசனம் கிடைத்தது, கற்பதற்கு வழியில்லை. மறதிக்கு அஞ்சி எழுதிய நூல், எழுதியபின்னும் படிக்க ஆளின்றிக் கிடந்தது.

ஓலைகள் நொய்ந்து வருவதைக் கண்டு கவலைகொண்ட பம்பாய், சோலாப்பூர் அறவோர் பல்லாண்டு முயன்றதன் பயனாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கியது. 1922-இல்தான் அது முற்றுப்பெற்றது. படிகள் மூடபித்ரியை விட்டு வெளியே செல்லலாகாது என்பது ஏற்பாடு. அப்பணியில் அமர்ந்தவர் கஜபதி சாஸ்திரியார். அவர் தம் மனைவியார் இலட்சுமிபாயின் துணையோடு கன்னட எழுத்தில் மற்றொரு படியை மறைவாக எழுதிக்கொண்டார். அதனைச் சோலாப்பூருக்குக் கொண்டு சென்றபோது, இது முறையன்று என்று அங்குள்ள பெருமகனார் ஏற்க மறுத்துவிட்டார். சகாரன்பூர் ஜம்புபிரசாத் என்பவர் பெற்றுக்கொண்டார். அங்கே நாகரியில் பெயர்த்தெழுதும்போது இன்னொரு படி மறைவாக வெளியேறி, ஊர் ஊராகப் பரவிற்று. 1939-இல் பேராசிரியர் ஹீராலால் ஜைன் முதல் தொகுதியை அச்சிட்டார். பதினாறு தொகுதிகளாக அது நிறைவெய்தியது. மூடபித்ரியாரும் பின்னர் மனமிரங்கி, மூல ஓலைகளோடு ஒப்பிட்டுத் திருத்த இடந்தந்தனர்.

இவ்வரலாற்றை எளிதில் கடந்து செல்ல இயலாது. கொடாததைக் கொள்ளாமை நம் அணுவிரதங்களுள் ஒன்று. இலட்சுமிபாய் அம்மையார் செய்தது களவா?

ஓலை ஒன்றுகூடக் குறையவில்லை, எழுத்தொன்றும் தேயவில்லை, ஆதலின் களவில்லை என்று கூறிவிடலாம். எமக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. வாக்கு மீறப்பட்டது உண்மை. சோலாப்பூர்ப் பெரியவரின் அச்சம் மதிக்கத்தக்க அச்சமே. எனினும் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாகப் பகுத்தவர் நம் ஆசாரியர். அம்மையார் செய்தார். கற்க விழைவோர்க்கு வேறு வாயிலே வையாமல் அடைத்தவர்கள் செய்வித்தார்கள். அச்சிட்ட தவளத்தைச் சாத்திரப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம் அனைவரும் உடன்பட்டவர்கள். அத்தீவினையில் ஒரு பங்கை மறுக்க நம்மில் யாருக்கும் வாயில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயமோ, அறிந்ததை மறைத்தலையும், பிறர் அறியலாகாதென்னும் பொறாமையையும், கற்பதற்கு இடையூறு செய்தலையும் ஞானாவரணீயம் ஊறிவரும் வாயில்களாகக் கூறுகிறது. கதவைப் பூட்டினோம் என்று கருதியபோது இவ்வாயில்களே திறந்துகொண்டன.

அதற்காகப் பூட்டே வேண்டாம் என்பாரும் உளர். மூடபித்ரியார் கண்ணுங்கருத்துமாகக் காவாதிருந்தால் படியெடுக்க ஓலையே இராது. அந்நன்றியை மறத்தல் பாவம். 2013-ஆம் ஆண்டு அதே சித்தாந்த பசதியில் விலைமதிப்பற்ற திருமேனிகள் களவு போனதும் நினைவிருக்கும். திருமேனிக்குக் காவல் வேண்டும். ஆனால் சாவியை மட்டுமே நம்பியிருத்தலும் தகாது. பூரி ஜெகந்நாதர் ஆலயத்துக் கருவூலத்தின் உள்ளறைச் சாவியைக் காணவில்லை என்று 2018-இல் தெரிய வந்தது. 2024-இல் மாற்றுச் சாவியாலும் திறக்கவியலாமல் பூட்டை உடைத்தே உள்ளே சென்றனர். பொன்னுக்கு அதனால் கேடில்லை, பொன் காத்திருக்கும். ஓலை காத்திராது. செல்லும் பூச்சியும் சாவி கேட்பதில்லை.

பொன்னை ஒருவர்க்குக் கொடுத்தால் நம்மிடம் குறையும், கல்வி அவ்வாறன்று. ஆகவேதான் உணவு, அபயம், மருந்து ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் சேர்த்து நால்வகைத் தானம் என்றனர். ஆசிரியப் பயிற்சி முடித்து நாம் முதன்முதல் பணியேற்ற ஒரு பள்ளியில், புத்தக அலமாரியின் சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையிலேயே இருக்கும். புத்தகம் தொலைந்தால் யார் கணக்குச் சொல்வது என்பார். ஆண்டுத் தணிக்கையில் ஒரு நூலும் குறையவில்லை. நூல்களைப் பிரித்துப் பார்த்தபோது நடுத்தாள்களைக் கறையான் தின்றிருந்தது.

நம் தமிழ்ச் சமணரிடையே வேறுவகை எடுத்துக்காட்டும் உண்டு. உ.வே. சாமிநாதையர் சைவ மரபில் வந்தவர். சிந்தாமணியின் பொருள் விளங்காமல் கும்பகோணத்தில் ஜைனர் இல்லங்களை நாடியபோது, சந்திரநாத செட்டியார் போன்றோர் வேற்றுச் சமயத்தார் என்று கதவடைக்கவில்லை. சுவடியும் காட்டினர், நம் கோட்பாடுகளையும் பொறுமையோடு விளக்கினர். 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. இன்று அதனைத் தமிழகமெங்கும் மாணவர் பயில்கின்றனர். மற்றொரு பெருங்காப்பியமாகிய வளையாபதியோ எழுபது சொச்சம் பாடல்களாக எஞ்சிவிட்டது.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் பழைய மரப்பெட்டிகள் இருப்பதை நாம் அறிவோம். பாட்டனார் காலத்துப் பெட்டி என்பார்கள். சாவி யாரிடம் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஷட்கண்டாகமம் நிறைவெய்திய நாளாகிய சுருத பஞ்சமியன்று சுவடிகளை வெளியே எடுத்துத் துடைத்துப் பூசித்து வைப்பது நம் வழக்கம். வரும் சுருத பஞ்சமிக்குள், சாவி கிடைக்காத பெட்டிகளைக் கொல்லரை அழைத்தேனும் திறந்து பாருங்கள். ஒடியும் நிலையிலுள்ள ஓலைகளைத் தாமே பிரிக்க வேண்டாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ உ.வே.சா. நூலகத்திலோ பழகிய கைகள் உள்ளன, அவர்களைக் கேளுங்கள். நல்ல நிலையிலுள்ளவற்றை ஒவ்வோர் ஏடாகப் படமெடுக்க இன்று வீட்டுப் பிள்ளைகளே போதும். பெட்டியில் என்னென்ன இருந்தன என்று ஒரு பட்டியல் எழுதி, ஒரு படியை ஆலயத்திலும் ஒரு படியை வீட்டிலும் வையுங்கள். பெட்டியை மீண்டும் பூட்டுவதானால், அதன் சாவி எவரிடம் உள்ளது என்பதையும் பட்டியலின் அடியில் மறவாமல் எழுதுங்கள்.