ஒரு பருவத்தின் தகுதியும் ஒரு வாரத்தின் வாய்ப்பும்

போட்டித் தொடர் ஒன்றை எவ்வாறு அமைப்பது என்னும் வினா, மேலோட்டமாகப் பார்த்தால் அட்டவணை போடுவோரின் கவலையாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது யாருக்கு எது உரியது, எந்த அளவுக்கு உரியது என்னும் அறவியலின் பழைய வினாவே ஆகும். அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பால் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்குப் பல்கலைக்கழக அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து, பிப்ரவரி நடுவிலிருந்து மே மாதம் வரை, ஓர் அணிக்கு 56 ஆட்டங்கள் என்னும் உச்சவரம்புக்குள் ஆடுகின்றன. பருவம் முடிந்ததும் பெரும்பாலான கூட்டமைப்புகள் ஒரு வாரத்துக்குள் முடியும் தனித் தொடர் ஒன்றை நடத்துகின்றன. அதில் வெல்லும் அணிக்கு, 64 அணிகள் மோதும் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கிறது. மூன்று மாதங்கள் உழைத்துப் பெற்ற முதலிடத்தை ஒரு வாரம் செல்லாததாக்கிவிடலாமா என்பதே இங்கு எழும் கேள்வி.

இந்த வினாவை ஆராய்வதற்கு ஏற்ற கருவியை அளித்தவர், பேஸ்பால் மீது ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ். 1971இல் வெளியான தம் நீதிக் கோட்பாட்டு நூலில் அவர் நடைமுறை நீதியை மூன்றாகப் பகுத்தார். சரியான முடிவு எது என்பது முன்பே தெரிந்து, அதைத் தவறாமல் எட்டும் வழியும் இருந்தால் அது நிறைவான நடைமுறை நீதி. கேக்கை வெட்டுபவர் கடைசித் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஏற்பாடு இதற்குச் சான்று. சரியான முடிவு என ஒன்று இருந்தும் அதை உறுதியாக எட்டும் வழி இல்லையெனில் அது நிறைவற்ற நடைமுறை நீதி. குற்றவியல் வழக்கு விசாரணை இவ்வகையைச் சேரும். முடிவைத் தனியே அளக்கும் அளவுகோல் எதுவும் இல்லாமல், முறை நேர்மையாகப் பின்பற்றப்பட்டாலே விளையும் முடிவும் நீதியாகிவிடும் எனில் அது தூய நடைமுறை நீதி. நேர்மையாக ஆடப்படும் சூதாட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாக அவர் கூறினார்.

பேஸ்பால் பருவம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சிறந்த அணி எது என்னும் கேள்விக்கு விடை ஒன்று உண்டு என நம்பி, பல ஆட்டங்களின் வழியே அதை நெருங்கும் முயற்சி அது. பேஸ்பாலில் தற்செயலின் பங்கு பெரிது என்பதால் இந்த நீளம் இன்றியமையாதது. 2001இல் 116 வெற்றிகளுடன் சாதனை படைத்த சியாட்டில் தொழில்முறை அணிகூட அப்பருவத்தின் 162 ஆட்டங்களில் 46இல் தோற்றது. ஓர் அணி எந்த எதிரணியையும் 60 விழுக்காட்டு வாய்ப்புடன் வெல்லக்கூடியது எனக் கொண்டால், தோற்றால் வெளியேறும் நாக்அவுட் முறையில் அது தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 22 விழுக்காடே. ஆகவே, சிறந்த அணியைக் கண்டறியும் கருவியாக ஒரு வாரத் தொடர் பருவத்தைவிட மிகவும் நலிந்தது. அதைத் தூய நடைமுறை நீதி என்று சொல்லிக் காப்பாற்றவும் முடியாது. எல்லாரும் சமமான தொடக்க நிலையில் நிற்கும்போதுதான் அந்த நீதி பொருந்தும், மே மாத இறுதியிலோ அணிகள் சமநிலையில் இல்லை, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தை ஈட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

இதுவரை கையாளப்பட்ட முறைகள் ஒவ்வொன்றும் இந்தச் சிக்கலின் ஒரு பகுதியை மட்டுமே தீர்க்கின்றன. தென்கிழக்குக் கூட்டமைப்பு 2025இல் தன் 16 அணிகளையும் சேர்த்து நாக்அவுட் முறைக்கு மாறி, முதல் நான்கு அணிகளை நேரடியாகக் காலிறுதிக்கு அனுப்பியது. ஆனால் காலிறுதி தொடங்கியதும் பருவத்தின் முதலிடத்துக்கு வேறு மதிப்பு இல்லை. அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பு 2024 வரை, மூன்று அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாக 12 அணிகளை ஆடவைத்து, ஒரு பிரிவில் மூன்றும் ஆளுக்கொரு வெற்றி பெற்றால் தரவரிசையில் முந்திய அணியே அரையிறுதிக்குச் செல்லும் என வகுத்திருந்தது. பருவத்துக்கு மதிப்பளித்த இந்த விதி, கூடவே ஒரு குறையையும் கொண்டுவந்தது. கடைநிலை அணி இடைநிலை அணியை வென்று, பின்னர் முதல்நிலை அணியிடம் தோற்றுவிட்டால், எஞ்சிய மூன்றாவது ஆட்டத்தில் யார் வென்றாலும் முதல்நிலை அணியே முன்னேறும். முடிவை மாற்ற இயலாத ஆட்டத்தில் ஒருவரை முழு மூச்சுடன் ஆடச் சொல்வது விளையாட்டின் அறத்துக்கே முரணானது.

இரண்டு தோல்விகளுக்குப் பின்னரே வெளியேற்றும் முறை தற்செயலின் கொடுமையைத் தணிக்கிறது. ஆயினும் அதன் விலையைப் பந்து வீச்சாளர்களின் கைகள் செலுத்துகின்றன. தொடக்கத்திலேயே தோற்ற அணி மீண்டெழ வேண்டுமெனில் சில நாள்களுக்குள் பல ஆட்டங்களை ஆடியாக வேண்டும். 2009இல் இம்முறையில் நடந்த தேசியப் போட்டியின் மண்டலச் சுற்றில், டெக்சாஸ், பாஸ்டன் கல்லூரி அணிகளுக்கு இடையிலான ஆட்டம் 25 இன்னிங்ஸ் வரை நீண்டபோது, டெக்சாஸ் பந்து வீச்சாளர் ஒருவர் மட்டும் 169 பந்துகள் வீசினார். முழங்கையின் இணைப்பு நார் கிழிந்தால் அதை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சை 1974 முதல் இருந்துவருகிறது என்பது, மாணவர் ஒருவரின் கையைக் கோப்பைக்காகப் பணயம் வைப்பதற்கு நியாயம் ஆகாது.

பருவத்தின் தகுதி கணக்கில் வர வேண்டும், எந்த ஆட்டமும் வெறும் சடங்காகக் கூடாது, வீரரின் உடல் விலையாகக் கூடாது என்னும் மூன்றையும் நிறைவுசெய்யும் வழிக்கு ஜப்பானில் முன்னுதாரணம் உண்டு. அங்குத் தொழில்முறை லீக்கின் இறுதிக் கட்டத்தில் 2008 முதல், பருவத்தில் முதலிடம் பெற்ற அணி ஒரு வெற்றியை ஏற்கெனவே பெற்றதாகவே களமிறங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டில், மத்திய லீக்கில் முதலிடம் பெற்ற யோமியூரி அணியை இரண்டாமிடத்துச் சுனிச்சி அணி மூன்று நேர் வெற்றிகளால் வெளியேற்றியிருந்தது. இதே கருத்தைக் கல்லூரிக் கூட்டமைப்புக்கு ஏற்றவாறு அமைக்கலாம். முதல் நான்கு அணிகள் மட்டும் பங்கேற்கட்டும். முதல் நாள் மூன்றாம், நான்காம் அணிகளும், அடுத்த நாள் அதில் வென்ற அணியும் இரண்டாம் அணியும் மோதட்டும். அதன்பின் முதலிடத்து அணிக்கு ஒரு வெற்றி போதும், அறைகூவும் அணிக்கு இரண்டு வெற்றிகள் வேண்டும் என்பது இறுதிக் கட்டமாகட்டும். நான்கு நாள்களில், அதிகம் போனால் நான்கு ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். அணிகள் முற்றிலும் சமபலம் கொண்டவையாயினும் முதலிடத்து அணிக்கு நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டாம் அணிக்கு எட்டில் ஒரு பங்கும், மற்ற இரண்டுக்கும் தலா பதினாறில் ஒரு பங்கும் எஞ்சும்.

கீழ்நிலை அணிகளின் நம்பிக்கையை இது பறிக்கிறது என்னும் எதிர்வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. 2008இல் தன் கூட்டமைப்புத் தொடரை வென்று நேரடி இடம் பெற்ற ஃபிரெஸ்னோ பல்கலைக்கழக அணி, மண்டலச் சுற்றின் நான்கு அணிகளில் கடைசித் தரநிலையில் தொடங்கித் தேசியப் பட்டத்தையே வென்றது என்பதால், அந்த ஓர் இடத்தின் கனம் பெரிது. இங்கு ரால்ஸின் மற்றொரு கருத்து வழிகாட்டுகிறது. சமூகத்தில் தமக்கு எந்த இடம் கிடைக்கும் என்பதை அறியாத நிலையில், அறியாமைத் திரைக்குப் பின் நின்று, மக்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளே நியாயமானவை என்றார் அவர். பிப்ரவரி மாதத்தில் எல்லா அணிகளும் அத்தகைய திரைக்குப் பின்னேதான் நிற்கின்றன. முதலிடம் தமக்கா, ஏழாமிடம் தமக்கா என்பதை எவரும் அறியார். அந்நிலையில், முதலிடம் பெற்றால் மூன்று மாத உழைப்பு ஒரு மதியத்தில் கரைந்துபோகாத ஏற்பாட்டையும், பின்தங்கினால் சிறிதேனும் திறந்திருக்கும் கதவையும் அவர்கள் ஒருசேர விரும்புவர். ஏழாமிடத்து அணிக்கும் அந்தக் கதவு பருவம் முழுவதும் திறந்தே இருக்கிறது. நான்காமிடத்துக்காக அது ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் அக்கதவை நோக்கிய அடியே.

விதிகள் பற்றி 1955இல் எழுதிய கட்டுரையில், மூன்று ஸ்டிரைக்குகளுக்குப் பின் நான்காவது வாய்ப்பைக் கேட்க மட்டையாளருக்கு இடமில்லை என்பதை ரால்ஸ் எடுத்துக்காட்டினார். ஆட்டத்துக்குள் இருப்பவர் விதியை ஏற்றே ஆக வேண்டும். அதனாலேயே விதியை வகுப்பவரின் பொறுப்பு இரு மடங்காகிறது. களத்தில் நிற்கும் மாணவர் கேட்க இயலாத கேள்வியைக் கூட்டமைப்புகள் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பருவத்தை மதிக்காத தொடருக்கு எத்தனை பார்வையாளர்கள் திரண்டாலும் அது நியாயமான தொடர் ஆகாது.