கைவிடுதலும் விடுதலையும்

கொல்லாமை பஞ்சசீலத்தில் முதலாவது என்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆயின், தன் கையால் ஓர் உயிரைக் கொல்லாமல், அது சாகக்கூடிய இடத்தில் கொண்டுபோய் விட்டு வருபவன் அச்சீலத்தைக் காத்தவன் ஆவானா? இவ்வினா யானையையோ பசுவையோ பற்றி எழுமாயின் யாவரும் உடனே விடை கூறுவர். எலியைப் பற்றி எழும்போதுதான் மனம் தயங்குகிறது. அத்தயக்கத்தையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சித்தூரில் ஒரு குடும்பத்தார், பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்கி ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளெலிகளை வாங்கிக் கூண்டில் வளர்க்கின்றனர் எனக் கொள்வோம். பெண்ணெலி 21 முதல் 23 நாட்களில் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் பிறத்தல் இயல்பு. அக்குட்டிகளும் ஐந்தாறு வாரங்களில் இனம் பெருக்கும் பருவத்தை அடைந்துவிடும். சில மாதங்களில் கூண்டு நிரம்புகிறது. பிள்ளைகளின் ஆசையும் தீர்ந்துவிடுகிறது. ஒரு நாள் மாலை வீட்டுத் தலைவர் கூண்டைத் தூக்கிச் சென்று வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பிலே திறந்துவிட்டு, "போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள்" என்று கூறித் திரும்புகிறார். தாம் ஜீவகாருண்யச் செயல் ஒன்று புரிந்ததாகவே அவர் எண்ணக்கூடும்.

ஆனால் அவ்வெலிகளின் நிலை யாது? அவற்றின் முன்னோர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் கையிலேயே வளர்ந்தவர். வெண்ணிறம் ஆந்தைக்கும் பருந்துக்கும் தொலைவிலிருந்தே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். கண்ணில் நிறமி இன்மையால் பார்வையும் மங்கல். வயலிலுள்ள வளைகள் முன்னரே வேறு எலிகளுக்கு உரியவை. அவை அந்நிய எலியைக் கடித்துத் துரத்தும். வேளைக்கு உணவு வைத்த கையும் இனி இல்லை. இதனை விடுதலை என்பது பொருந்துமா? நம் தமிழ்மொழி 'விடுதலை' என்றும் 'கைவிடுதல்' என்றும் இரு சொற்களை வைத்திருக்கின்றது. இரண்டிலும் 'விடுதல்' உண்டு. ஆயினும் ஒன்று விடப்படுவோனின் நலத்தை நோக்குவது, மற்றொன்று விடுவோனின் வசதியை நோக்குவது.

இவ்வேறுபாட்டிற்குத் திருப்பதியிலேயே ஒரு சான்று உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டலாகாது என 1998இல் மத்திய அரசு அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களும் புலிகளும் தங்குவதற்கு நாட்டின் சில இடங்களில் மீட்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா விலங்கியல் பூங்காவில் அமைந்தது. அருகிலேயே சேஷாசலக் காடு பரந்து கிடக்கின்றது. எனினும் அவ்விலங்குகளை எவரும் காட்டில் திறந்துவிடவில்லை. வேட்டை அறியாத, கூண்டிலே பிறந்த உயிருக்குக் காடு வீடாகாது என்பதை உணர்ந்து, இறுதிக்காலம் வரை உணவும் மருந்தும் இடமும் அளித்தலே அறம் எனக் கொண்டனர். சிங்கத்திற்கு இசைந்த இந்நியாயம் எலிக்கு மட்டும் இசையாது போவது ஏன்? உருவத்தின் சிறுமையன்றி வேறு காரணம் ஒன்றும் நமக்குப் புலப்படவில்லை.

விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. சுருக்கில் அகப்பட்ட பன்றி ஒன்றை ஒரு பிக்கு இரக்கங்கொண்டு அவிழ்த்துவிட்டார். பிறர் பொருளைக் கவர்ந்த குற்றம் தம்மைச் சாருமோ என அவர் ஐயுற, கருணையால் செய்தமையின் குற்றமில்லை எனப் பகவன் புத்தர் மொழிந்தார். அப்பன்றி தான் பிறந்து திரிந்த காட்டிற்கே மீண்டது என்பதை நாம் கருதவேண்டும். செயல் ஒன்றாகத் தோன்றினும், உயிருக்கு அதனால் விளைவது யாது என்று நோக்குவதே கருணையின் இலக்கணம்.

"அவ்வெலியின் வினை அப்படி, நாம் என் செய்வோம்?" என்பாரும் உளர். நம்மவர் இச்சொல்லைக் கேட்டவுடனே விழிப்படைதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே நிறுத்தியவர்கள் கூறிய சமாதானமும் இதுவேயன்றோ? முற்பிறப்பின் பயனென்று சொல்லித் தம் கொடுமையைத் தாமே மன்னித்துக்கொண்டனர். புத்தபகவனோ, மனிதர் நுகரும் இன்பதுன்பங்கள் அனைத்தும் பழவினையாலேயே வருவன என்னும் கொள்கையை, சீவகன் என்னும் பரிவிராசகனுக்கு விடையிறுக்கையில் மறுத்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தம்மத்தைத் தழுவியபோது உதறியெறிந்தவற்றுள் இவ்வினைச் சமாதானமும் ஒன்று. நமக்குப் பொய்யென்று தெளிந்த வாதத்தை நம்மினும் எளிய உயிரின்மீது நாமே ஏவுதல் தகாது.

"வயலைப் பாழாக்கும் எலிக்கு இரங்குவதோ?" என்பது மற்றொரு தடை. வயலெலியும் கூண்டெலியும் ஒன்றல்ல. பயிரைக் காக்க உழவர் செய்வது தனி ஆராய்ச்சிக்குரியது. நாமே விலைகொடுத்து வாங்கி, நம்மையே நம்பி வாழுமாறு ஆக்கிய உயிரைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். வெள்ளெலிக்கு இரங்கும் மனம், சித்தூர், நெல்லூர்ப் பக்கங்களில் வளைகளுக்குப் புகைபோட்டு எலி பிடித்து உழவர்க்கு உதவிவந்த யானாதி மக்களை இழிவாக நோக்குமாயின், அது கருணையன்று. பழைய சாதிச் செருக்கின் மறுவடிவமே. மனிதனை மதியாத ஜீவகாருண்யம் நமக்கு வேண்டுவதில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? கைவிடப்பட்ட வெள்ளெலியைக் கண்டால் எடுத்து வந்து, காற்றோட்டமுள்ள கூண்டில் நீரும் தானியமும் வைத்தல் வேண்டும். ஆணையும் பெண்ணையும் உடனே பிரித்தல் வேண்டும். இல்லையேல் மீட்பே பெருக்கமாய் முடியும். எலிக்காய்ச்சல் முதலிய நோய்கள் அணுகாதபடி வயலெலி தீண்டாத இடத்தில் வைத்து, தொட்ட பின் கையைச் சோப்பினால் கழுவுதல் நன்று. நோயுற்றதாயின் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். திருப்பதியில் 1955 முதலே கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. பிறர்க்கு அளிக்கும்போது, கூட்டமாக வாழும் இயல்பினவாதலின், ஒரே பாலின் இரண்டைச் சேர்த்தே அளிக்கவேண்டும். பாம்புக்கு இரையாக்குவோரிடம் அகப்படாதவாறு வாங்குவோரை விசாரித்தே கொடுக்கவேண்டும். விலை பெறுதல் கூடாது. உயிர் வாணிபம் உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐவகை வாணிபங்களுள் ஒன்று. அதனாலேயே, புதிதாக விலைகொடுத்து வாங்காமலிருப்பதும் நம் கடமையாகும். இவ்வெலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. அத்துணைச் சிறு காலத்திற்கு ஒரு பிடி தானியம் எந்த ஏழைக் குடிசைக்கும் பெருஞ்சுமை ஆகாது.

பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி, தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுதல் குற்றமென 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டமும் கூறுகின்றது. இச்சட்டம் பிறப்பதற்கு மாநிலங்களவையில் முன்னின்று உழைத்தவர் ருக்மிணிதேவி அருண்டேல் என்னும் தமிழ்நாட்டு அம்மையார். ஆயினும் அச்சட்டம் முதற் குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அபராதத்திற்கு அஞ்சிச் செய்வது அறமாகாது.

நம் மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் யார்? பெற்ற தாயால் தோட்டத்திலே கைவிடப்பட்ட குழவி. அவனை ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்தபின் வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை அவன் மீட்டான். அதற்காக அடிபட்டு ஊரை விட்டுத் துரத்தவும் பட்டான். பின்னர் அமுதசுரபி ஏந்தி மக்களின் பசியையும் தீர்த்தான். விலங்கிற்கு இரங்கியவன் மனிதனை மறக்கவில்லை. கைவிடப்படுதல் இன்னதென நம் சமூகமும் நன்கறியும். அறிந்த நாம், நம் கூண்டின் கதவைத் திறக்குமுன், திறப்பது அவ்வுயிரின் நலத்திற்கோ நம் வசதிக்கோ என ஒருமுறை உள்ளத்தைக் கேட்போமாக.